நரம்பு நோவும் அதனைத் தணிக்கும் முறையும்

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று அறுபது ஆண்டைக் கடந்தவர். அவ்வயதில் ஆடவரை நாடிவரும் நோய்களுள் ஒன்று புறஸ்ரேற் சுரப்பியில் உண்டாகும் புற்றுநோய். சலப்பையின் கீழே, சலம் இறங்கும் வழியைச் சூழ்ந்து, சிறு தேசிக்காயளவிற் கிடப்பது இச்சுரப்பி. இந்நோயோடு சிலருக்கு வந்து சேரும் நரம்பு நோவை வைத்தியர் எங்ஙனம் தணிக்கின்றனர் என்பதையே ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம். தமிழ் கற்பிக்கும் நமக்கு வைத்தியத்தில் என்ன அலுவல் என வினவுவார் உளராயின், அவர் சற்றே பொறுத்திருப்பாராக.

புறஸ்ரேற்றிற் பிறந்த புற்றுநோய் பரவுங்கால் என்பையே பெரிதும் நாடும். சிறப்பாக முள்ளந்தண்டையும் இடுப்பென்பையும் நாடும். இடுப்பிலுள்ள நாளங்கள் முள்ளந்தண்டைச் சூழ்ந்த நாளப் பின்னலோடு தொடுக்கப்பட்டிருத்தலை 1940 இல் பற்சன் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துக்காட்டி, நோய் இவ்வழியே ஏறுகின்றது என்றார். முள்ளென்பில் வளருங் கட்டி, அங்கிருந்து புறப்படும் நரம்பின் வேரை நெரிக்கின்றது. என்பு நோவு பெரும்பாலும் தன் இடத்தை விட்டகலாது. நரம்பு நோவோ நரம்பு செல்லும் வழியெல்லாம் ஓடும். நடுமுதுகில் வேர் நெரிந்தால் நெஞ்சைச் சுற்றிக் கச்சை கட்டி இறுக்கினாற்போல இருக்கும். இடுப்பின் அருகே நெரிந்தால் தொடைவழி இறங்கிக் காலிற் சுள்ளிடும்.

இவ்விரண்டையும் பிரித்தறிதற்கு வைத்தியருக்கு முதற் கருவியாவது நோயாளியின் சொல்லே. நம் அலுவல் இங்கேதான் வருகின்றது. நோய் என்னும் பெயரே நோ என்னும் அடியிற் பிறந்தது. அந்நோவின் வகைகளுக்கு நம் பேச்சு வழக்கிற் சொற்பஞ்சம் இல்லை. உளைவு என்பது ஆழ்ந்து நிற்பது. நாள் முழுதும் நடந்த காலுக்குரியது. எரிவு, விறைப்பு, எறும்பூர்தல், மின்னல் அடித்தாற்போன்ற குத்து, வேட்டி உராய்ந்தாலும் பொறுக்க இயலாமை ஆகிய இவை நரம்பின் மொழி. தெல்லிப்பழைக்கோ மகரகமைக்கோ செல்பவர் “நோகுது, ஐயா” என்று நிறுத்திவிட்டால் வைத்தியர் யாது செய்வார்? இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வார் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தந்தை எரிவென்றும் விறைப்பென்றும் சொல்ல, உடன் சென்ற மகன் எல்லாவற்றையும் “பெயின்” என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றான்.

நெரிவு முண்ணாண்வரை சென்றுவிட்டால் நிலைமை அவசரமானது. கால் சோர்தல், நடை தள்ளாடுதல், மலசலம் அடக்க முடியாமை அல்லது கழிக்க முடியாமை ஆகியன அதன் குறிகள். இக்குறிகள் தோன்றின் 24 மணி நேரத்துள் முள்ளந்தண்டு முழுவதையும் எம்.ஆர்.ஐ. படம் எடுத்தல் வேண்டும் என்பது இங்கிலாந்தில் 2008 இல் வெளிவந்த தேசிய வைத்திய வழிகாட்டியின் விதி. வீக்கத்தை வற்றச்செய்ய டெக்சாமெதசோன் என்னும் ஸ்ரெரொயிட் மருந்தை உடனே தொடங்குவர். பின்னர் கதிர்ச்சிகிச்சை, தக்கவர்க்குச் சத்திரசிகிச்சையும் அதன்மேற் கதிர்ச்சிகிச்சையும். 2005 இல் அமெரிக்க வைத்தியர் வெளியிட்ட ஆய்வொன்றில், இரண்டும் பெற்றோருள் நூற்றுக்கு 84 பேரும், கதிர் மட்டும் பெற்றோருள் நூற்றுக்கு 57 பேரும் நடக்கும் ஆற்றலோடு இருந்தனர். எம்முறையாயினும், சிகிச்சை தொடங்கும்போது நடக்க வல்லவரே பெரும்பாலும் பின்னும் நடப்பர். கால் முற்றாய் விழுந்தபின் மீட்பது அரிது. ஆகவே, “முதுகுப்பிடிப்பு, எண்ணெய் பூசினாற் போய்விடும்” என்று கிழமைக்கணக்கில் வாளாவிருத்தல் இந்நோயுடையார்க்குத் தகாது.

நோவைத் தணித்தல் என்றால் முதலில் அதன் காரணத்தைத் தணித்தலே. ஆண் ஓமோனை அடக்கினால் இப்புற்றுநோய் ஒடுங்கும் என்பதைச் சாள்ஸ் ஹகின்ஸ் 1941 இற் காட்டினார்; 1966 இல் நோபெற் பரிசும் பெற்றார். இதற்கென இடப்படும் ஊசிகளுட் சில முதற் சில நாள்களில் ஓமோனை ஏறச்செய்து நெரிவை மிகுவிக்கவுங்கூடும். ஆதலின் தடுப்பு மாத்திரையை வைத்தியர் முன்னரே கொடுப்பர். என்பில் நோவுள்ள இடத்திற்குக் கதிர்ச்சிகிச்சை ஒரே முறை கொடுத்தாலும் பலருக்கு ஆறுதலாகும். அதன் பயன் தோன்றச் சில கிழமை செல்லும். இடையில் இரண்டொரு நாள் நோவு கூடுதலும் உண்டு.

இனி மருந்துகள். பரசிற்றமோல் முதலியன நரம்பு நோவிற்குப் பெரும்பாலும் போதா. கபபென்ரின், பிறிகபலின், அமித்திரிப்ரிலின் என்பன தவறான சமிக்ஞைகளை எழுப்பும் நரம்பை அடக்குவன. முன்னைய இரண்டும் வலிப்பு நோய்க்கும், பின்னையது மனச்சோர்வுக்கும் வழங்குவன. பெட்டிக்குள் இருக்குந் தாளை வாசித்து, “என்னைப் பைத்தியம் என்று எண்ணிவிட்டாரோ” என மருந்தை எறிந்தவரை நாம் அறிவோம். ஒரே மருந்து இருவேறு நோய்க்கு உதவுதல் வைத்தியத்திற் புதுமையன்று. இவற்றைச் சிறிதிற் றொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவர். தூக்கமும் தலைச்சுற்றும் வரலாம். அமித்திரிப்ரிலின் சலத்தைத் தடைசெய்யவல்லது. புறஸ்ரேற் நோயாளர்க்கு இது முக்கியம். கட்டி சலவழியை அடைத்துச் சிறுநீரகத்தைக் கெடுத்திருந்தால் கபபென்ரினின் அளவையும் குறைத்தல் வேண்டும்.

மோர்பின் பெயரைக் கேட்டதும் இறுதி நெருங்கிற்று என்று அழத்தொடங்கும் வீடுகள் பல. 1967 இல் இலண்டனிற் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையார், நோவு திரும்பி வருமுன்னரே குறித்த நேரத்தில் தவறாது மருந்தைக் கொடுக்கும் முறையைப் பரப்பினார். அம்முறையில், வைத்தியர் கண்காணிப்பின்கீழ், மோர்பினைப் பல மாதம் உட்கொண்டு தம் அலுவல்களைச் செய்வாரும் உளர். மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோர்க்கும் வரும். ஆதலின் மலமிளக்கியைச் சேர்த்தே கொடுப்பர்.

டொசெற்றக்செல் என்னும் புற்றுநோய் மருந்து தானே கைகால் விரல்களில் விறைப்பையும் எரிவையும் உண்டாக்குவதுண்டு. இதனை முளையிலேயே சொன்னால் வைத்தியர் அளவைக் குறைப்பர் அல்லது நிறுத்துவர். எரிவுக்கு டியுலொக்செற்றின் கொடுப்பர். மாத்திரைகளுக்கு அடங்காத நோவிற்கு, மயக்க மருந்து வைத்தியர் முள்ளந்தண்டின் அருகே மெல்லிய குழாய் செலுத்தி மருந்தைச் சொட்டுச் சொட்டாய் இறக்குவர். நோவை ஏந்திச்செல்லும் நரம்பை ஊசியால் அடைப்பதும் உண்டு.