பூத்த முள்ளங்கியும் புதிய கறியும்

முள்ளங்கி பூத்துவிட்டால் பாத்தி பாழாயிற்று என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். கிழங்கு நாரேறி நெட்டியாகி விடுகின்றது. கறிக்கு ஆகாது என்று செடியைப் பிடுங்கி எறிந்துவிடுகின்றோம். சப்ரகமுவத் தோட்டங்களில் இந்த நட்டம் அடிக்கடி நேர்வதொன்று. நுவரெலியாவின் குளிர் இங்கே இல்லை. இரத்தினபுரியிலோ ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது. களிமண்ணில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகும். வெயில் ஏறினால் காரமேறி உள்ளே வெறுமையாகும்.

2022ஆம் ஆண்டு நமது பாத்தியும் இவ்வாறே பூத்து நின்றது. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்ட காலம் அது. றப்பர்த் தோட்டத்திலே மழை நாளில் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையேல் பல வேளைகளில் பேரும் இல்லை. அந்நிலையில் நாம் செடிகளைப் பிடுங்கத் தொடங்கியபோது, அடுத்த காம்பராவில் வாழும் மூதாட்டியார் வாசலில் நின்றபடியே தடுத்தார். காயைத் தின்னாமல் எறிவார்களா என்பது அவர் கேள்வி. வெட்கத்தோடு கைகளைக் கழுவிக்கொண்டோம்.

எந்த முள்ளங்கியின் இளங்காயும் உண்ணத் தக்கதே. எனினும் காய்க்காகவே வளர்க்கப்படும் தனி இனமொன்றும் உண்டு. காய் நீண்டு வாலைப்போல் தொங்குவதால் அதனை எலிவால் முள்ளங்கி என்பர். தாவரவியலார் இட்ட 'கௌடாட்டஸ்' என்ற இலத்தீன் பெயரின் பொருளும் வாலுடையது என்பதே. அதன் வேர் மெலிந்தது. காயோ ஒரு சாணுக்கும் மேல் நீளக்கூடும். குஜராத்தில் 'மோக்ரி' என்றும், பஞ்சாபில் 'மூங்ரா' என்றும் சந்தையில் விற்கின்றனர். பஞ்சாபியர் உருளைக்கிழங்குடன் சேர்த்துப் பிரட்டுவர். ஜெர்மனியின் மியூனிக் நகரின் பெயரைத் தாங்கிய இனமொன்றின் காயைப் பீருக்குத் துணையாகக் கடிப்பார்களாம். அது நமக்கு வேண்டாத வழக்கம்!

பயிரிடும் முறை எளிது. மழை சற்று ஓயும் சனவரி, பெப்ரவரி மாதங்களில் மேட்டுப் பாத்தி அமைத்து, ஓரடி இடைவெளியில் விதைத்தல் நலம். செடி இடுப்பளவு உயர்ந்து சாயுமாதலால் கொம்பு நட்டுக் கட்டுக. வெள்ளையும் ஊதாவும் கலந்த பூக்கள் வந்த பின்னர் காய்கள் தொடர்ந்து இறங்கும். பென்சில் பருமனைத் தாண்டுமுன் பறித்துவிட வேண்டும். நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நறுக்கென ஒடியாவிட்டால் அது விதைக்குத்தான் உதவும். பறிக்கப் பறிக்கச் செடி மேலும் காய்க்கும்; ஒரே இழுப்பில் முடிந்துபோகும் கிழங்குக்கு இந்தக் குணம் இல்லை.

சமையலுக்கு வருவோம். காம்பைக் கிள்ளி, போஞ்சியைப் போல நறுக்கி, வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள் சேர்த்து அரைவேக்காடாக வதக்கி, தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குக. கருவாட்டுத் துண்டு இரண்டு போட்டால் சோற்றுக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. பச்சையாக உண்போர் உப்பும் தேசிக்காய்ச் சாறும் பிசிறிக்கொள்ளலாம். கடுகின் காரம் மூக்கில் ஏறும். கடித்து நசுக்கும்போதுதான் அக்காரம் பிறக்கின்றது. வெப்பம் பட்டால் அதனைப் பிறப்பிக்கும் நொதியம் அழிந்துவிடும். ஆதலாற்றான் வெந்த காய் சாதுவாகின்றது. வேகும்போது எழும் வாடையை மட்டும் மறைக்க இயலாது. இன்று யார் வீட்டில் முள்ளங்கி என்பதை லயம் முழுவதும் அறியும்.

விதைக்கென ஐந்தாறு செடிகளையேனும் ஒன்றாக விட்டுவைத்தல் அவசியம். தனிச் செடியில் காய் சரிவரப் பிடிக்காது. தேனீ மற்றொரு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவர வேண்டும். கடுகைப்போல் இதன் காய் தானாக வெடிப்பதில்லை. உலர்ந்தபின் உரலிலிட்டு மெல்ல இடித்தே விதையெடுக்க வேண்டும். நாம் விட்டுவைத்த ஆறு செடிகளின் விதையில் முதற்கைப்பிடி அம்மூதாட்டியாருக்கே சென்றது. மீதியை லயத்திலே நான்கு வீட்டார் பகிர்ந்துகொண்டனர்.