கிளைக்கதை யாருடைய கதை?

நாவல் எழுத உட்காரும் நண்பர்கள் கேட்பது இரண்டு கேள்விகள். எத்தனை கிளைக்கதை வைக்கலாம்? எத்தனை பக்கம் போகலாம்? இவை வெறும் உத்தி சார்ந்த கேள்விகள் அல்ல என்பது வடசென்னையை எழுத முனைகிறவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும்.

1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்வோம். 1918இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம், திரு.வி.க., வெள்ளைக்கார நிர்வாகம் என்று தொடங்கினால் மையக்கதை தானாகவே சங்கத்தின் கதையாகிவிடும். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பியது, புளியந்தோப்பில் எரிந்த குடிசைகள், ஆகஸ்டில் நடந்த துப்பாக்கிச் சூடு, எம்.சி.ராஜாவின் தலையீடு எல்லாம் நடுவில் வந்துபோகிற இடைஞ்சல்களாகிவிடும். 'கருங்காலி' என்ற ஒரே சொல்லைப் போட்டு ஒரு சேரியையே மூடிவிடலாம். நம் தொழிற்சங்க வரலாறுகள் பெரும்பாலும் அப்படித்தான் மூடின.

மாற்றிப் போட்டுப் பாருங்கள். வேலைக்குப் போனவனின் வீட்டிலிருந்து நாவல் தொடங்கட்டும். கூலி நின்றால் எத்தனை நாள் அடுப்பு எரியும், சங்கத்துக்குள் தனக்கு என்ன இடம் என்ற கேள்விகள் முன்னால் வரும். இப்போது சங்கம் கிளைக்கதை. நிகழ்ச்சிகள் அதேதான், அரசியல் வேறு. எது மையம் எது கிளை என்று முடிவுசெய்யும்போதே எழுத்தாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார். தெரிந்து சாய்வது நல்லது.

சரி, கிளைகளை எதை வைத்துக் கட்டுவது? தற்செயல் சந்திப்புகளை வைத்து என்பது சினிமா கொடுத்த பழக்கம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர், கடல் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டுபோன மணலை மறித்தது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் கரையைக் கடல் தின்றது. மெரினாவில் காற்று வாங்குகிறவரும் திருவொற்றியூரில் வீட்டைக் கடலுக்குக் கொடுத்தவளும் நாவலில் ஒருதடவைகூடப் பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. சுவர் ஒன்றே போதும். ஒரு கிளையை உருவினால் இன்னொன்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் அதைத் தனிச் சிறுகதையாக எழுதிவிடலாம், மோசமில்லை.

நீளம். தொடர்கதைக் காலத்தில் அதை வாரப் பத்திரிகை தீர்மானித்தது, சிறுபத்திரிகைக்காரர்களுக்குக் காகித விலை தீர்மானித்தது. இப்போது அந்தச் சாக்கு இல்லை. ஜெயமோகனின் 'வெள்ளை யானை' (2013) 1878 ஐஸ் ஹவுஸ் தொழிலாளர் போராட்டத்தை ஏய்டன் என்ற ஒரே அதிகாரியின் கண்வழியே பார்க்கிறது. அவர் அரசியலோடு நமக்கு ஆயிரம் தகராறு இருக்கலாம். ஆனால் ஒரு கண், ஒரு நெருக்கடி, அதற்கேற்ற அளவு. ஜோ டி குரூஸின் 'கொற்கை' (2009) ஆயிரம் பக்கங்களைத் தாண்டுகிறது. ஒரு துறைமுகச் சமூகம் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுவதைச் சொல்ல அத்தனை மனிதர்கள் வந்துபோக வேண்டியிருந்தது. எல்லாரும் மனதில் நிற்கிறார்களா என்றால் இல்லை, அந்தக் கூட்டநெரிசலும் துறைமுகம்தானே.

எண்ணூருக்கு இரண்டு வழியும் திறந்திருக்கிறது. அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அடுத்து வந்த வடசென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்தது. கழிமுகத்தில் மீன்பாடு ஒரே நாளில் குறையவில்லை, வலை வலையாகக் குறைந்தது. இந்தத் தேய்மானத்துக்கு மூன்று தலைமுறையும் நிறையப் பக்கங்களும் வேணும். இல்லை, சின்னதா எழுதணும்னா 2023 டிசம்பர் 26 இரவு, பெரியகுப்பத்தில் அமோனியா நெடி பரவி ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடிய அந்தச் சில மணிநேரம் போதும். கிளைக்கதையே வேண்டாம். ஐம்பது வருஷமும் ஓடுகிறவர்களின் பேச்சில் வந்தாக வேண்டும், அதுதான் கஷ்டம்.