அறுநூறு வெள்ளி முகப் பூச்சில் என்னதான் இருக்கிறது?

ஐம்பது கிராம் முகப் பூச்சின் விலை அறுநூறு வெள்ளி! கேட்டதும் "அம்மாடி!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்வீர்கள். நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி என்று நிர்ணயிக்கப்பட்டது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரு சின்ன ஜாடிக்குள் அடங்கிவிடுகிறது.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகள், தீபாவளிப் பரிசாக அப்படியொரு ஜாடியைக் கொண்டுவந்து கொடுத்தாள். பூசியும் பார்த்தேன், உறையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தும் பார்த்தேன். பூசித் தெரிந்துகொண்டதைவிடப் படித்துத் தெரிந்துகொண்டதே அதிகம். நம் தோட்டத்துத் தாய்மார்களுக்கும் பட்டணத்துச் சகோதரிகளுக்கும் அது பயன்படும் என்றே இதை எழுதுகிறேன்.

பட்டியலைப் படிக்கும் வித்தை

எந்த முகப் பூச்சானாலும் அதில் சேர்த்த சரக்குகளின் பட்டியல் உறையில் இருக்க வேண்டும். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். குறைவானது பின்னால் வரும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றை மட்டும் எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு சின்ன வித்தை உண்டு. பல பூச்சுகளில், கெட்டுப் போகாமலிருக்க ‘பினாக்ஸி எத்தனால்’ என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். சட்டப்படி அது ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆகவே, அந்தப் பெயருக்குப் பின்னால் வருபவை எல்லாம் அநேகமாக ஒரு விழுக்காட்டுக்குள் அடங்கியவையே.

என் ஜாடியின் பட்டியலில் முதலில் இருந்தது தண்ணீர். அடுத்து கிளிசரின். அதற்கடுத்து பெட்ரோலேட்டம், அதாவது நம் வீட்டு வாசலின். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த முத்துத் தூளும் தங்கத் துகளும் எங்கே? பினாக்ஸி எத்தனாலுக்குப் பின்னால், கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருந்தன!

இது ஒரு ஜாடியின் கதை மட்டுமல்ல. உலகப் புகழ் பெற்ற ‘கிரீம் டி லா மேர்’ என்னும் பூச்சை எடுத்துக்கொள்ளுங்கள். மேக்ஸ் ஹியூபர் என்ற விஞ்ஞானி தம் தீக்காயத் தழும்புக்காக அதை உருவாக்கினார் என்பது நிறுவனம் சொல்லும் வரலாறு. 1995-இல் எஸ்டீ லாடர் நிறுவனம் அதை வாங்கியது. அதன் மூலப் பூச்சின் பட்டியலில் கடற்பாசிச் சாறு முதலிடம். உடனே அடுத்து வருபவை மினரல் எண்ணெய், பெட்ரோலேட்டம், கிளிசரின். இவை மட்டமான சரக்குகள் என்று எண்ணிவிடாதீர்கள். தோலுக்கு நல்லவை. ஆனால் மலிவானவை, அவ்வளவுதான்.

நம் கொழுந்தும் அதில் உண்டு

கடைசி வரியில் இன்னொரு பெயரும் இருந்தது: ‘கமெலியா சைனென்சிஸ்’ இலைச் சாறு. இது என்னவோ சீன தேசத்து அபூர்வ மூலிகை என்று நினைத்தீர்களா? நம் புளூ வேலிச் சரிவில் அன்றாடம் வெட்டிக் கூடையில் போடுகிறோமே, அதே தேயிலைதான்!

தேயிலையில் ‘கேட்டகின்’ என்ற சத்து இருக்கிறது. வெயிலால் தோலில் ஏற்படும் பாதிப்பைக் குறைக்க அது உதவலாம் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் கொழுந்தை நசுக்கிக் காற்றில் போட்டால் பழுப்பாகிவிடுவதைத் தொழிற்சாலையில் பார்த்திருப்பீர்கள். கேட்டகின் காற்றோடு சேர்ந்து மாறுவதால் வரும் நிறம் அது. அகல வாய் ஜாடியைத் தினமும் திறந்து மூடினால், அந்தச் சொற்பச் சாறும் எத்தனை நாள் தாங்கும்?

வேலை செய்யும் சரக்குகள்

கிளிசரின்: 1779-இல் ஷீலே என்ற வேதியியலார் கண்டறிந்தது. நீரை இழுத்துத் தோலில் வைத்திருக்கும்.

பெட்ரோலேட்டம்: தோலிலிருந்து ஈரம் வெளியேறாமல் மூடி போட்டதுபோல் காக்கும்.

நியாசினமைடு: இது வைட்டமின் பி3. தோலின் நிறப்பொருள் மேல்படலத்துக்கு வருவதை மட்டுப்படுத்தும். இரண்டு முதல் ஐந்து விழுக்காடு வரை இருந்தால் பலன் தெரியலாம். பட்டியலின் முன்பகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வைட்டமின் சி: நல்லதுதான், ஆனால் வெளிச்சமும் காற்றும் பட்டால் கெட்டுப் பழுப்பாகும்.

ரெட்டினால்: வைட்டமின் ஏ இனம். மெல்லிய சுருக்கங்களைக் குறைக்கும். எரிச்சலும் தரும். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம்.

இரு கன்னச் சோதனை

வகுப்பில் அறிவியல் பாடம் நடத்துபவள், சோதிக்காமல் விடுவேனா? இடக் கன்னத்தில் அறுநூறு வெள்ளிப் பூச்சு. வலக் கன்னத்தில் மருந்துக் கடையில் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கிய கிளிசரின் கிரீம். எட்டு வாரம் இரவில் விடாமல் பூசினேன்.

மலைக் குளிரில் வறண்டு கிடந்த இரு கன்னங்களும் மெதுமெதுவென்று ஆயின. இடக் கன்னத்தில் வாசனை அதிகம். ஜாடியும் மேசைக்கு அழகு. ஆனால் எது எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரரைக் கேட்டால், அவரால் சொல்ல முடியவில்லை. கன்னத்து மேட்டில் இருந்த மங்கு இரு பக்கமும் இருந்தபடியே இருந்தது. ஒரே முகத்தில் செய்த சோதனை உலகத்துக்கெல்லாம் தீர்ப்பாகாது. என் காசைப் பொறுத்தவரை அது போதும்.

ஒரு வாரத்தில் வெள்ளையா?

விலை கூடிய பூச்சால் போவது பணம். அதைவிடக் கவலைப்பட வேண்டியது இன்னொன்று. பெயர் தெரியாத டப்பாவில், பட்டியலும் இல்லாமல், "ஏழே நாளில் வெண்மை" என்று விற்கும் பூச்சு. என்னிடம் படித்த பெண் ஒருத்தி பெண் பார்க்க வருகிறார்கள் என்று அதை வாங்கிப் பூசினாள். சில நாள் முகம் பளபளத்தது. பிறகு சிவந்து எரிந்து, வெளியே வரவே கூசினாள்.

இத்தகைய பூச்சுகள் பலவற்றில் பாதரசம் இருப்பதைப் பல நாடுகளில் கண்டுபிடித்திருக்கிறார்கள். அது நிறப்பொருள் உருவாவதைத் தடுக்கும். ஆனால் தோல் வழியே உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசியவள் தூக்கிக் கொஞ்சும் குழந்தையையும் பாதிக்கும். வேறு சிலவற்றில் ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு போன்றவை இருக்கும். இவை டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்துகள்.

நம் சுகாதார அமைச்சின் கீழ் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ., இப்படிப்பட்ட பூச்சுகளின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு எச்சரிக்கிறது. 2008 முதல், இந்நாட்டில் விற்கும் எந்த அழகுப் பொருளையும் முன்கூட்டியே அதனிடம் அறிவிக்க வேண்டும். அதன் இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தட்டினால், அறிவிக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். வீட்டில் கைத்தொலைபேசி பிடிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் சொன்னால் நொடியில் பார்த்துச் சொல்வார்கள். ஆனால் அறிவிக்கப்பட்டது என்பதற்கு, அரசாங்கமே சோதித்துப் பலன் உண்டென்று சான்று தந்தது என்று பொருளல்ல.

மங்குக்கு முதல் மருந்து

கேமரன் மலையில் குளிர்வதால் வெயில் சுடுவதில்லை, ஆனாலும் கறுக்கிறோம். ஏன்? ஆயிரம் மீட்டர் உயரத்துக்குச் சுமார் பத்து விழுக்காடு என்ற கணக்கில் புற ஊதாக் கதிர் கூடுகிறது. நாம் அதற்கும் மேலே வசிக்கிறோம். மெல்லிய மேகமும் அக்கதிரைத் தடுப்பதில்லை. மங்கு கருமையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆகவே எந்தப் பூச்சுக்கும் முன்னால் வர வேண்டியது சன்ஸ்கிரீன் எனும் வெயில் தடுப்புக் களிம்பு. எஸ்.பி.எப். 30-க்குக் குறையாமல் வாங்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் பூசுங்கள். மங்கு உள்ளவர்களுக்கு, அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்த நிறமுள்ள களிம்பு இன்னும் நல்லது. கொழுந்து வெட்டப் போகிறவர்கள் அகலத் தொப்பியை மறக்க வேண்டாம். எந்தப் புதுப் பூச்சையும் முதலில் முழங்கையின் உட்பக்கம் சில நாள் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

நல்ல கிளிசரின் கிரீம் ஒன்று, வெயில் தடுப்புக் களிம்பு ஒன்று, ஒரு தொப்பி. இவை மூன்றும் சேர்ந்தும் நூறு வெள்ளிக்குள் முடித்துவிடலாம். மங்கு அதற்கும் மசியாவிட்டால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள்.

சகோதரிகளே, மாநிறமும் கறுப்பும் நோயல்ல, மருந்து போட்டு மாற்ற. அழகுக்குச் செலவு செய்வதும் குற்றமல்ல. ஆனால் காசை நீட்டும் முன் டப்பாவைத் திருப்பி, பின்பக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள். படிக்க ஒன்றுமே இல்லையென்றால், அதை வாங்காமல் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள்!