அன்று கண் வலித்தது, இன்று கை வலிக்கிறது

விழுப்புரம், திண்டிவனம் வட்டார ஏரிகளில் தூண்டில் போட்டுப் பழகிய பெரியவர்களைக் கேட்டால், தக்கையையே பார்த்துக் கண் எரிந்ததைச் சொல்வார்கள். குந்தி உட்கார்ந்தே இடுப்பு பிடித்துக்கொண்டதைச் சொல்வார்கள். கை வலித்த கதை மட்டும் அவர்களிடம் இருக்காது. இன்று அதே கரையில் நிற்கும் இளைஞர் காலை ஆறு மணிக்கு ரப்பர் தவளையை எறியத் தொடங்கினால், வெயில் ஏறுவதற்குள் இருநூறு, முந்நூறு முறை எறிந்து சுற்றிவிடுகிறார். மணிக்கட்டில் தொடங்கும் வலி முழங்கை வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. மாடு ஓட்டிக்கொண்டு வரும் ஆள் நின்று பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, மீன் புடிக்கிறியா, தண்ணிய அடிக்கிறியா?" என்று கேட்டால் அதில் பாதி கிண்டல், பாதி நியாயம்.

அன்று மீன் வரும்வரை மனிதன் காத்திருந்தான். இன்று மனிதன் மீனைத் தேடி ஏரி முழுக்கத் தூண்டிலை அனுப்புகிறான். தேடும் வேலை முழுவதும் கையின் தலையில் விழுந்துவிட்டது. அதனால்தான் எந்த ரீல் வாங்குவது என்ற கேள்வி, மீன் கிடைக்குமா என்ற கேள்விக்குச் சமமாக வந்து நிற்கிறது.

மூங்கிலும் மயிலிறகும்

பழைய விரால் தூண்டிலில் சுழலும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. பத்துப் பன்னிரண்டு அடி மூங்கில் கழி, ஏறத்தாழ அதே நீளத்துக்கு நூல். முன்பு பருத்தி நூல் முறுக்கினார்கள். பிறகு நைலான் நரம்பு 'தங்கூஸ்' என்ற பெயரில் கடைத்தெருவுக்கு வந்து சேர்ந்தது. தக்கைக்கு மயிலிறகின் தண்டு அல்லது நெட்டி. முள்ளில் மண்புழு கோத்தால் கெண்டை, கெளுத்தி. 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்ட ஜிலேபி கெண்டை ஏரிகளில் பெருகிய பிறகு அதுவும்.

விராலுக்கு மட்டும் தனி மரியாதை. குட்டித் தவளையை முள்ளில் மாட்டி, அல்லி இலைகளின் இடைவெளியில் தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். மதகு ஓரம், கோரைப் புல்லின் விளிம்பு, கலங்கலுக்குக் கீழே தேங்கிய பள்ளம் என்று விரால் பதுங்கும் இடங்கள் மனப்பாடம். கழி லேசு, எறிவது என்ற வேலையே இல்லை. மீன் கவ்வினால் கழியைத் தூக்கிக் கரையில் போட்டுவிட வேண்டும். சுற்றி இழுக்க எதுவுமில்லாததால் கை அலுக்கவும் வழியில்லை.

கழி இல்லாதவர்கள் நரம்பைத் தண்ணீர் பாட்டிலில் சுற்றி வைத்துக்கொண்டார்கள். ஈயக் குண்டைச் சுழற்றி விட்டால், பாட்டிலின் வாய்ப்பக்கம் வழியாக நரம்பு உருவிக்கொண்டு போகும். பாட்டில் சுழல வேண்டியதில்லை. இதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்காது, இன்றைய ஸ்பின்னிங் ரீலின் தத்துவமும் இதுவேதான். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் கம்பளி ஆலை நடத்திய ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த், ஆலைக் கண்டிலிருந்து நூல் நுனிவழியாக உருவி வருவதைப் பார்த்துத்தான் 1905இல் அந்த வகை ரீலுக்குக் காப்புரிமை பெற்றார்.

சக்கரம் வந்த வழி

தமிழகத்து ஏரிக்கு ரீல் புதிதல்ல. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873இல் ஒரு நூல் எழுதினார். 1887இல் ஏரி, குளத்துத் தூண்டிலுக்கென்றே தனி நூல் எழுதினார். விழுப்புரமும் திண்டிவனமும் அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. ஆனால் அந்தச் சக்கரம் துரைமாரின் பொழுதுபோக்கோடு நின்றுவிட்டது. ஏரியை நம்பியிருந்த ஊர்க்காரனுக்கு மீன் உணவு. அதற்கு வலையும் மூங்கிலும் போதும்.

ரீலுக்குள் பல்சக்கரம் புகுந்த கதை சுவையானது. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நூல் உருளை பல சுற்று சுற்றும் ரீலை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் செய்த ஜார்ஜ் ஸ்னைடர் ஒரு கடிகாரத் தொழிலாளி. ஸ்வீடனின் அபு நிறுவனம் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கி, டாக்சி மீட்டர் செய்து, பிறகு 1952இல் அம்பாசடர் ரீலைக் கொண்டுவந்தது. அதே 1921இல் ஜப்பானின் சகாய் நகரில் தொடங்கி சைக்கிள் ஃப்ரீவீல் செய்த ஷிமானோ, 1970இல் ரீல் தொழிலுக்குள் வந்தது. பல்சக்கரம் வெட்டத் தெரிந்தவர்கள்தான் மீன் பிடிப்பவனின் கையைப் புரிந்துகொண்டார்கள்.

ரப்பர் தவளையின் காலம்

இப்போது வடகிழக்குப் பருவமழை நின்று ஏரிகள் தெளியத் தொடங்கியதும், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கரையோரம் பைக்குகள் நிற்கின்றன. ஃபெஞ்சல் புயலில், 2024 டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் ஏரிகள் கலங்கல் வழிந்து ஒன்றோடொன்று கலக்கும். மீனும் இடம் மாறும். சங்கராபரணி ஆற்றில் 32 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் வீடூர் அணை முதல் சின்னச் சின்னத் தாங்கல்கள்வரை, தூண்டில்காரர்கள் தேடிப் போகும் இடங்கள் பல.

கையில் இருப்பது ஆறரை, ஏழு அடி கார்பன் ராடு, நைலான் நரம்புக்குப் பதில் நீளாத பிரெய்டு, பத்துப் பதினைந்து கிராம் ரப்பர் தவளை. உயிருள்ள தவளையைத் தேடி வயலில் அலைய வேண்டியதில்லை. அது நல்லதே, தவளைக்கால் ஏற்றுமதியால் வயலில் பூச்சி தின்ன ஆளில்லாமல் போகிறது என்ற கவலையில்தான் இந்தியா 1987இல் அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. ரப்பர் தவளையின் முள் உடலோடு ஒட்டிப் படிந்திருப்பதால் அல்லி இலையின்மேலும் ஆகாயத்தாமரையின்மேலும் சிக்காமல் ஏறி இறங்கும். ஆனால் உயிருள்ள தவளை தானே நீந்தும்; ரப்பர் தவளையை நீங்கள்தான் நீந்தவைக்க வேண்டும். தவளையின் உழைப்பு மனிதக் கைக்கு மாறிவிட்டது.

இந்தக் கைவலியை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் வட அமெரிக்காவில் மஸ்கி பிடிப்பவர்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மாநில மீன் அது; ஒரு மீட்டரைத் தாண்டி வளரும்; நம் விராலைப்போலவே புல்லுக்குள் பதுங்கிப் பாயும். பத்தாயிரம் முறை எறிந்தால் ஒரு மஸ்கி என்பது அவர்கள் வழக்குமொழி. அவர்கள் எறியும் இரட்டைத் தகடு வைத்த பெரிய தூண்டில்கள் தண்ணீரை உதைத்துக்கொண்டு வரும். நாள் முழுக்க அதைச் சுற்றி இழுத்த அனுபவத்தில் அவர்கள் கற்ற கணக்கு, நம் ஏரிக்கும் அப்படியே பொருந்தும்.

கணக்கு என்ன சொல்கிறது

கடையில் ரீல் கேட்டால் முதலில் கியர் ரேஷியோவைத்தான் சொல்வார்கள்: 5.4:1, 6.3:1, 7.3:1. கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நூல் உருளை எத்தனை சுற்று சுற்றும் என்பதே அது; ஸ்பின்னிங் ரீலில் உருளைக்குப் பதில் அதைச் சுற்றிவரும் ரோட்டர் சுழலும். எண் சிறிதாக இருந்தால் கைக்குச் சுகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். பாதிதான் சரி. உருளை பெரிதாக இருந்தால் குறைந்த ரேஷியோவிலும் நிறைய நூல் உள்ளே வரும்; நிறைய நூல் வந்தால் நிறையப் பளு வரும். பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு: ஒரு சுற்றுக்கு எத்தனை செ.மீ. நூல் வருகிறது, கைப்பிடி அச்சிலிருந்து எத்தனை செ.மீ. நீண்டிருக்கிறது.

ஒரு ரீல் சுற்றுக்கு 75 செ.மீ. இழுக்கிறது, கைப்பிடி 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் கை நகரும் தூரம் சுமார் 31 செ.மீ. தூண்டில் 1 கிலோ எடையளவு எதிர்த்து இழுத்தால், கை கொடுக்க வேண்டியது ஏறத்தாழ 2.4 கிலோ. இன்னொரு ரீல் சுற்றுக்கு 50 செ.மீ. இழுக்கிறது, கைப்பிடி 6 செ.மீ. அங்கே கை கொடுக்க வேண்டியது 1.3 கிலோதான். உள்ளே உராய்வில் போவது தனி. ஏறக்குறையப் பாதிப் பளு குறைந்துவிட்டது.

அப்படியானால் எல்லோரும் இரண்டாவது ரீலையே வாங்கிவிடலாமா? 30 மீட்டர் நூலை உள்ளே கொண்டுவர முதல் ரீலில் 40 சுற்று, இரண்டாவதில் 60 சுற்று. தூண்டில் ஒரே வேகத்தில் வர வேண்டுமென்றால் இரண்டாவது ரீலை வேகவேகமாகச் சுற்ற வேண்டும். அதுவும் மணிக்கட்டைக் கெடுக்கும். சைக்கிள் கியர் கணக்குதான். மேட்டில் பெரிய கியர் போட்டால் தொடை வலிக்கும். சமதரையில் சின்ன கியர் போட்டால் கால் வீணாகச் சுழலும்.

ஆக, பளு அதிகமாக உள்ள தூண்டிலுக்குக் குறைந்த இழுப்பு, பளு இல்லாத தூண்டிலுக்கு அதிக இழுப்பு. ரப்பர் தவளை தண்ணீரின்மேல் வருவதால் எதிர்ப்பு மிகக் குறைவு. அதற்கு 7:1 அளவிலான வேக ரீல் சரி. தொய்ந்த நரம்பைச் சட்டென்று வாரிக்கொள்ளலாம், விரால் கவ்வியதும் புல்லுக்குள் ஓடவிடாமல் நிறுத்தலாம். தண்ணீருக்குள் ஆழமாக மூழ்கி வரும் தூண்டிலுக்கும், சுழலும் தகடுள்ள தூண்டிலுக்கும் 5:1 சொச்சம் போதும்.

வாங்கும்முன் கையில் பிடித்துப் பாருங்கள்

ரேஷியோவைவிடக் கையைப் படுத்துவது எடை. அதிலும் மொத்த எடையைவிட எடை எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ரீலை ராடில் மாட்டி, ரீலுக்குச் சற்று முன்னே ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள். நுனி தொங்கினால், அந்த நுனியை நாள் முழுக்கத் தூக்கிப் பிடிப்பது உங்கள் முன்கைத் தசை. ஏரி விராலுக்கு 2500 அல்லது 3000 அளவு ஸ்பின்னிங் ரீல் தாராளம். கடலுக்கென்று செய்த 6000 அளவு ரீலை 'எதற்கும் இருக்கட்டும்' என்று வாங்கி ஏரிக்குக் கொண்டுவருவது கைவலிக்குச் சீட்டு வாங்குவதே.

பெய்ட்காஸ்டர் ரீல் ராடின்மேல் உட்காரும். உள்ளங்கையில் அடக்கிப் பிடிக்கலாம். பளுவான இழுப்புக்கு அது வலுவானது. ஆனால் எறியும்போது உருளையும் சேர்ந்து சுழலும். கட்டைவிரல் பழகாதவருக்கு நூல் சிக்கிக்கொண்டு, அதைப் பிரிப்பதிலேயே காலைப்பொழுது போய்விடும். புதிதாக வருபவருக்கு ஸ்பின்னிங்கே நல்லது. கைப்பிடி நுனிக் குமிழ் சின்னதாக இருந்தால் இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்தக் கிள்ளுப்பிடிதான் முழங்கையின் வெளிப்புறத் தசைநாரில் வலியை ஏற்றுகிறது. விரல்கள் சுற்றிப் பிடிக்கும் அளவில் சற்றுப் பெரிய குமிழ் பாருங்கள்.

ரீல் எதுவானாலும் பழக்கம் சரியில்லாவிட்டால் பயனில்லை. ஒரு கையால் விசிறாமல் இரண்டு கையாலும் எறியுங்கள். ராடின் பின்முனையை முன்கைக்குக் கீழே அணைத்துக்கொண்டு சுற்றுங்கள். ராடை இறுக்கிப் பிடிக்காதீர்கள்; மீன் கவ்வும்வரை தளர்ந்த பிடியே போதும். ஓய்வு கொடுத்தும் சில வாரங்களாக முழங்கை வலி விடவில்லையென்றால் அடுத்த ரீலைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள்.

நல்ல கருவியால் வந்த மாற்றம் இன்னொன்று உண்டு. மூங்கில் கழியின் காலத்தில் கரையிலிருந்து இருபது இருபத்தைந்து அடிக்கு அப்பால் இருந்த விரால் பிழைத்துக்கொண்டது. இன்று முப்பது மீட்டர் தள்ளி எறிகிறோம். ஏரியில் மீனுக்கென்று இருந்த நடுப்பகுதியும் நம் கைக்குள் வந்துவிட்டது. கை வலிக்காத ரீல் இருந்தால் அங்கே நாள் முழுக்க எறியலாம். ஆகவே இரண்டு கட்டுப்பாடுகளை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். ஏரி குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். தண்ணீரின்மேல் செந்நிறக் குஞ்சுக் கூட்டம் திரளாகத் தெரிந்தால், அதன் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். குஞ்சின் பக்கம் எது வந்தாலும் பாய்ந்து கவ்வும். மிகச் சுலபமாகக் கிடைக்கும் விரால் அதுதான். அந்த இடத்தில் மட்டும் எறியாதீர்கள். பெற்ற மீன் போனால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.