கல்யாண பேண்டுக்கு அமெரிக்காவில் ஓர் அண்ணன்!

ஜாஸ் கேட்க ஆறு இசைத்தட்டுகள்

கள்ளக்குறிச்சியில் முகூர்த்த நாள் வந்தால் போதும். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் பேண்டு செட் வந்து நிற்கும். ஒருவர் கிளாரினெட் ஊதுவார். இன்னொருவர் டிரம்பெட் ஊதுவார். பின்னால் பெரிய டிரம் அதிரும்.

ஊதுவது எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டுதான். ஆனால் நடுவில் கிளாரினெட்காரர் பாட்டை விட்டு விலகுவார். மனம் போனபடி நாலு சுற்றுச் சுற்றுவார். மறுபடி பிசகாமல் பாட்டுக்கே வந்து சேருவார். சிறுவர்கள் கை தட்டுவார்கள்.

அந்த நாலு சுற்றுதான் ஜாஸ் இசையின் உயிர்!

ராணுவ பேண்டுகளில் ஊதிய இந்த வாத்தியங்களைத்தான் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களும் கையில் எடுத்தார்கள். அவர்களிடம் பிறந்தது ஜாஸ். நம் ஊர் பேண்டு செட்டுக்கு அது அண்ணன் முறை.

அடிமைகளின் பிள்ளைகள்

ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் பிணைத்துக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். பருத்திக் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் மாடாய் உழைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், நியூ ஆர்லியன்ஸில் 'காங்கோ சதுக்கம்' என்ற திடலில் கூடி மேளம் கொட்டி ஆட அனுமதி உண்டு. 1865-ல்தான் அமெரிக்கா முழுவதும் அடிமை முறை ஒழிந்தது.

இந்தக் கதை கள்ளக்குறிச்சிக்குப் புதிதல்ல. ஊருக்கு மேற்கே தெரிகிறதே கல்வராயன் மலை, அங்குள்ள மக்கள் ஜாகீர்தார்களுக்குக் கொத்தடிமைகளாக உழைத்தவர்கள். நாடு விடுதலை பெற்றது 1947-ல். ஜாகீர்தார்களிடமிருந்து மலை அரசின் கைக்கு வந்தது 1976-ல்!

நியூ ஆர்லியன்ஸில் சாவுக்கும் பேண்டு உண்டு. இடுகாட்டுக்குப் போகும்போது மெதுவான இசை. திரும்பி வரும்போது துள்ளல் இசை. சாவு வீட்டில் பறை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, 'ஜாஸ் என்றால் நமக்குப் புரியுமா?' என்று தயங்க வேண்டாம். கீழே சொல்லும் ஆறு இசைத்தட்டுகளையும் வரிசையாகக் கேளுங்கள். இன்று செல்போனிலேயே எல்லாம் கிடைக்கின்றன.

1. டைம் அவுட் (1959)

பியானோ வித்வான் டேவ் புரூபெக்கின் இசைத்தட்டு. இதில் 'டேக் பைவ்' என்ற ஒன்றை முதலில் கேளுங்கள். அதற்கு ஐந்து எண்ணிக்கைத் தாளம். 'தகிட தக, தகிட தக' என்று தொடையில் தட்டிக்கொண்டே கேட்டால் பிடிபட்டுவிடும்.

இதற்கு முந்தைய ஆண்டு, 1958-ல், புரூபெக் குழு சென்னைக்கு வந்தது. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்தது.

அந்தக் குழுவில் பாஸ் வாசித்த யூஜின் ரைட் கறுப்பினத்தவர். 'அவரை விட்டுவிட்டு வேறொருவருடன் வாருங்கள்' என்று 1960-ல் அமெரிக்கத் தென் மாநிலக் கல்லூரிகள் பல சொல்லின. புரூபெக் மறுத்துவிட்டார். கச்சேரிகள் போயின. பணமும் போயிற்று. தோழனை அவர் விடவில்லை.

2. ஹாட் பைவ் பதிவுகள் (1925-1928)

லூயி ஆம்ஸ்ட்ராங் 1901-ல் நியூ ஆர்லியன்ஸில் பரம ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பதினோரு வயதில், புத்தாண்டுக்கு முந்தின இரவு, தெருவில் துப்பாக்கியால் சுட்டார். விளையாட்டுத்தான்! ஆனால் போலீசார் பிடித்துச் சிறுவர் இல்லத்தில் அடைத்துவிட்டார்கள். அங்கேயிருந்த பேண்டில்தான் முறையாக ஊதக் கற்றார்.

1928-ல் பதிவான 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' கேளுங்கள். தொடக்கத்தில் டிரம்பெட் மட்டும் தனியே முழங்கும். பழைய பதிவு, கொஞ்சம் இரைச்சல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3. பார் ஈஸ்ட் சூட் (1967)

டியூக் எல்லிங்டன் பெரிய இசைக்குழுவின் தலைவர். 1963-ல் அவர் குழு டெல்லி, சென்னை முதலான நகரங்களுக்கு வந்தது. அந்தப் பயணத்தின் நினைவில் பிறந்த இசைத்தட்டு இது. டெல்லியில் கேட்ட மைனாவின் குரல் இதில் கிளாரினெட்டாக வருகிறது! குழந்தைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். 'மைனா எங்கே வருகிறது?' என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

4. கைண்ட் ஆப் புளூ (1959)

மைல்ஸ் டேவிஸின் புகழ்பெற்ற தட்டு. வாசிப்பவர்களிடம் சில ஸ்வர வரிசைகளை மட்டும் கொடுத்தார். மீதியை அவரவர் மனோதர்மத்துக்கு விட்டார். ராக ஆலாபனை கேட்டுப் பழகிய காதுக்கு இது எளிது. ராத்திரி, வீடு அடங்கிய பிறகு கேளுங்கள்.

இது வெளிவந்த அதே ஆகஸ்டு மாதம், தாம் வாசித்த நியூயார்க் அரங்கின் வாசலில் டேவிஸ் நின்றிருந்தார். 'நகர்ந்து போ' என்றனர் போலீசார். அவர் நகரவில்லை. தலையில் அடித்து ரத்தம் சொட்டச் சொட்ட இழுத்துப் போனார்கள். உள்ளே கைதட்டு, வாசலில் தடியடி!

5. ஜர்னி இன் சச்சிதானந்தா (1971)

ஆலிஸ் கோல்ட்ரேன் அம்மையாரின் தட்டு. கணவர் ஜான் கோல்ட்ரேன், சாக்சபோன் மேதை. 1967-ல் நாற்பது வயதிலேயே காலமானார். துயரத்தில் இருந்த ஆலிஸுக்கு ஆறுதல் தந்த குரு சுவாமி சச்சிதானந்தர். அவர் கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் பிறந்த தமிழர்! தம்பூராவின் ரீங்காரத்தோடு ஹார்ப் என்ற நரம்பு வாத்தியம் சேர்ந்து ஒலிக்கும்.

6. கின்ஸ்மென் (2008)

கடைசித் தட்டில் அண்ணனும் தம்பியும் சந்திக்கிறார்கள். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்டு மயங்கியவர் கத்ரி கோபால்நாத். 2019-ல் மறைந்தார். பேண்டு வாத்தியத்தைக் கர்நாடக சங்கீத மேடையில் ஏற்றியவர் அவர். அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு சேர்ந்து இதில் வாசிக்கிறார். இரண்டு சாக்சபோன்கள், ஒன்று கேட்கும், மற்றது பதில் சொல்லும். தலைப்பின் பொருள் என்ன தெரியுமா? 'உறவினர்கள்'!

ஏற்கெனவே ஜாஸ் கேட்டுத் தேர்ந்தவர்கள் விஜய் ஐயரின் 'ஹிஸ்டாரிசிட்டி' (2009) கேட்கலாம். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் அவர்.

அடுத்த முகூர்த்தத்தில்...

ஒரு நாளைக்கு ஒரு தட்டு போதும். ஒரு வாரத்தில் காது பழகிவிடும்.

பிறகு, அடுத்த முகூர்த்தத்தில் பேண்டு செட் வரும்போது கவனியுங்கள். ஊர்வலத்துக்கு முன்னால் ஊதிக்கொண்டு வந்தவர்கள், மண்டபத்து வாசலோடு நின்றுவிடுவார்கள். உள்ளே கூப்பிடுங்கள். பந்தியில் உட்கார வையுங்கள். அந்தக் கிளாரினெட்காரரின் பெயரைக் கேளுங்கள்.

அண்ணன்களின் பெயர் உலகத்துக்கே தெரியும். தம்பியின் பெயர், அவர் ஊதிக்கொண்டு போகிற தெருவுக்காவது தெரியட்டும்!