கனவில் பிறக்கும் நெசவு

பிலிப்பைன்ஸ் நாட்டுக் கலை என்றதும் ஸ்பானியர் காலத்துத் தேவாலயங்களும் புனிதர் சிலைகளுமே பலரது நினைவுக்கு வருகின்றன. 1565 முதல் 1898 வரை நீடித்த அவ்வாட்சியின் தாக்கம் ஆழமானது என்பதை மறுப்பதற்கில்லை. 1884 இல் மட்ரிட் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வென்ற ஹுவான் லூனாவின் 'ஸ்போலியாரியம்' ஓவியம் ஐரோப்பியப் பயிற்சியின் விளைவே. ஆயினும், பலவான் தீவின் குகையொன்றில் 1964 இல் கண்டெடுக்கப்பட்ட மனுங்குல் ஈமத்தாழி ஏறக்குறைய 2,700 ஆண்டுகள் பழைமையானது. அதன் மூடியில் இரு உருவங்கள் படகில் செல்கின்றன.

அந்நியச் சாயல் படியாத மரபு இன்றும் அங்கு உயிர்வாழ்கின்றது. மிந்தனாவோவின் செபு ஏரிப் பகுதியில் வாழும் திபொலி இனப் பெண்கள், வாழையினத்தைச் சேர்ந்த அபாக்காவின் நாரில் 'தினலாக்' எனும் துணியை நெய்கின்றனர். நெய்வதற்கு முன்னரே நாரை முடிச்சிட்டுச் சாயமூட்டுவர். வரைபடம் எதுவும் கிடையாது. கோலங்கள் கனவில் அருளப்படுவதாக நம்புகின்றனர். திருமணச் சீராக வழங்கப்பட்ட இத்துணி, இப்போது கைப்பையாகவும் சந்தைக்கு வருகின்றது. வாங்குவோரின் விருப்பம் கனவின் இடத்தைப் பிடித்துவிடுமோ என்ற ஐயம் எமக்கு எழாமலில்லை.

இந்நெசவில் சிறந்த லாங் டுலே அம்மையார் 1998 இல் அரசின் உயர் கலை விருதைப் பெற்றார். அவ்விருதுக்குரிய 1992 ஆம் ஆண்டுச் சட்டம் மாதாந்தக் கொடுப்பனவுடன், கலையை இளையோருக்குக் கற்பிக்கும் கடமையையும் விதிக்கின்றது. பதக்கத்தைவிட அக்கடமையே பெறுமதியானது என்பது எமது கருத்து. அம்மையார் 2015 இல் மறைந்தார். அவரிடம் பயின்ற பெண்கள் நெசவைத் தொடர்கின்றனர்.