பக்கத்து வீட்டுக்குத் தெரியாத ரகசியம்



1985-இல் வெளிவந்த அமெரிக்க நகைச்சுவைப் படம், ‘டீன் வுல்ஃப்’. பள்ளி மாணவன் ஸ்காட்டுக்குத் திடீரென உடலெங்கும் ரோமம் முளைக்கிறது. குளியலறைக்குள் ஓடித் தாழிட்டுக்கொள்கிறான். வெளியே அப்பா கதவைத் தட்டுகிறார். என்ன சொல்லப்போகிறாரோ என்று தயங்கித் தயங்கித் திறந்தால், எதிரே நிற்கும் அப்பாவும் ஓநாய் மனிதர்! இது அந்தக் குடும்பத்தின் பரம்பரை விஷயம்.

இந்தப் படம் 1986-இல் கார்ட்டூன் தொடராக மாறியது. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் சனிக்கிழமை காலைகளில் ஒளிபரப்பானது. அப்பா, மகனோடு தாத்தா, பாட்டி, தங்கை என்று வீடே நிறைந்தது. தங்கையின் பெயர் லூப்பி. லத்தீன் மொழியில் ‘லூப்பஸ்’ என்றால் ஓநாய்!

படத்துக்கும் தொடருக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. படத்தில் ஸ்காட் ஓநாய் உருவத்திலேயே கூடைப்பந்து ஆடி, பள்ளியின் நாயகன் ஆகிவிடுகிறான். தொடரிலோ, ஊருக்குத் தெரியாமல் ரகசியத்தைக் காப்பதே அவனுக்குப் பெரும்பாடு. சிரிப்பெல்லாம் அங்கேதான் பிறக்கிறது.

மொத்தம் 21 அத்தியாயங்களோடு 1987-இல் தொடர் நிறைவடைந்தது. படத்தில் ஸ்காட்டாக நடித்தவர் மைக்கேல் ஜே. ஃபாக்ஸ். கார்ட்டூனில் அவர் குரல் இல்லை. டவுன்செண்ட் கோல்மன் குரல் கொடுத்தார். ஆனால், படத்தில் அப்பாவாக நடித்த ஜேம்ஸ் ஹாம்ப்டன், கார்ட்டூன் அப்பாவுக்கும் தானே குரல் கொடுத்தார்.